ப்ளூஸ் பாடகர்களும் பதிவேடுகளும்

ஆகஸ்ட் 16 என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு விடுமுறை ஞாபகம் வரும். 1962இல் அந்த நாளில்தான் நாம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். கீழூரில் கொடி ஏற்றுவார்கள். எனக்கு அதே தேதியில் இன்னொரு சங்கதியும் நினைவுக்கு வரும். 1938 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வுட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் இறந்துபோனார். வயது 27. அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் ஒரு பதிவேட்டின் வழியாக வந்தது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நாம் அப்படித்தானே அழைப்போம். 1960களின் கடைசியில் பாரிசிலிருந்து வந்தபோது ஒரு ரெக்கார்ட் பிளேயரும் முப்பது நாற்பது இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். பெரும்பாலும் எதித் பியாஃப், தினோ ரொஸ்ஸி. அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு தட்டு வேறு மாதிரி இருந்தது. மெம்ஃபிஸ் ஸ்லிம் என்பவரின் பியானோவும் பாட்டும். எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். ஆங்கிலம் சரியாக வராது. பாட்டின் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"இது என்ன முசே?" என்று கேட்டேன். "ப்ளூஸ் தம்பி. கஃபார் இருக்கிறவன் பாடுவது" என்றார். பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும், கஃபார் என்றால் கரப்பான்பூச்சி. மனம் சோர்ந்திருப்பதை "கரப்பான் இருக்கிறது" என்று சொல்வது பிரெஞ்சுக்காரர் வழக்கம். ஆங்கிலத்தில் அதே சோர்வுக்கு நீலப் பிசாசுகள் என்று பெயர் இருந்தது. அந்த நீலம்தான் ப்ளூஸ் ஆயிற்று. ஒரு ஊரில் கரப்பான், இன்னொரு ஊரில் நீலப் பிசாசு. துக்கம் ஒன்றுதான்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். அதில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை அடிமை முறையில் தொடங்குகிறது. மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானா ஒரு காலத்தில் பிரெஞ்சுக் குடியேற்றம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை 1718இல் நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1803இல் நெப்போலியன் அந்தப் பெரும் நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றார். இது எங்கள் பள்ளிப் பாடத்தில் இருந்தது. கோது நுவார் என்ற கறுப்பர் சட்டம் 1724இல் அதே லூசியானாவில் அமலுக்கு வந்ததும், தப்பி ஓடும் அடிமையின் காதை அறுக்கவும் தோளில் சூடு போடவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்ததும் பாடத்தில் இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உரக்கச் சொல்லி வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது தலை குனிந்தது. நம் கடற்கரையிலிருந்தும் 18ஆம் நூற்றாண்டில் மொரீஷியசுக்கும் ரியூனியனுக்கும் அடிமைகளைக் கப்பலேற்றியிருக்கிறார்கள். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விதை, ஏர், கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால், கணக்கு எழுதியவர் பண்ணைக்காரர், கையெழுத்துப் போடத் தெரியாதவர் குடியானவர். மீதி என்ன இருக்கும்? ஓட்டுரிமையைப் பறித்தார்கள். ரயிலில் தனிப் பெட்டி. எதிர்த்துப் பேசினால் கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டார்கள். இந்த மண்ணில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ப்ளூஸ் பிறந்தது. இன்ன ஆண்டு, இன்னார் பாடினார் என்று சொல்ல எழுத்துச் சான்று கிடையாது.

முதல் சான்று போல நமக்குக் கிடைப்பது டபிள்யூ. சி. ஹேண்டி என்ற வாத்தியக் குழுத் தலைவர் எழுதியது. ஏறத்தாழ 1903இல், டட்வைலர் என்ற சிறு ரயில் நிலையத்தில் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் கந்தல் உடுத்திய ஒரு கறுப்பர், கத்தியைக் கிடார் கம்பிகள் மேல் தேய்த்து வாசித்துக்கொண்டே பாடுகிறார். அதுவரை தாம் கேட்டதிலேயே மிக விநோதமான இசை அதுதான் என்று ஹேண்டி தம் சுயசரிதையில் சொல்கிறார். அந்தப் பாடகரின் பெயரை மட்டும் அவர் கேட்கவில்லை, எழுதவுமில்லை. ஹேண்டி அந்த மெட்டுகளை ஸ்வரப்படுத்தி 1912இல் "மெம்ஃபிஸ் ப்ளூஸ்", 1914இல் "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" என்று அச்சிட்டார். அவருக்கு "ப்ளூசின் தந்தை" என்ற பட்டம் கிடைத்தது. ரயில் நிலையத்துக்காரர் பெயரில்லாமலே போனார்.

பாட்டின் அமைப்பு எளிது. ஓர் அடி பாடுவார்கள். அதையே திரும்பப் பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில். ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் கிடார் தன் பங்குக்கு ஏதாவது சொல்லும். மொத்தம் பன்னிரண்டு தாளக் கட்டு. சில ஸ்வரங்களைச் சரியான இடத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் தாழ்த்தி, வளைத்துப் பாடுவார்கள். அந்த வளைவில்தான் உயிர்.

முதலில் இது அவர்கள் ஒப்பாரி என்றுதான் நானும் நினைத்தேன். தவறு. ஒப்பாரி சாவு வீட்டில் பாடுவது. ப்ளூஸ் சனிக்கிழமை இரவில், வாரம் முழுவதும் பருத்தி பறித்தவர்கள் குடிசை போன்ற சாராயக் கொட்டகையில் கூடி ஆடுவதற்குப் பாடியது. மனைவி ஓடிப்போனது, வெள்ளம் வந்தது, சிறை, ரயில், கையில் காசில்லாதது எல்லாம் வரும். கூடவே கிண்டலும் வரும். தன் கஷ்டத்தைத் தானே சொல்லிச் சிரிக்கிறவனை யாராலும் முழுதாக அடக்க முடியாது. கோயிலுக்குப் போகும் பெரியவர்கள் இதைப் பிசாசின் பாட்டு என்று வெறுத்தார்கள்.

இசைத்தட்டில் இது வந்தது 1920இல். மேமி ஸ்மித் என்ற பெண்மணி அந்த ஆகஸ்டில் நியூயார்க்கில் பாடிய "கிரேஸி ப்ளூஸ்" சக்கைப்போடு போட்டது. கறுப்பர்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்களா என்று சந்தேகப்பட்ட கம்பெனிகள் விழுந்தடித்து ஓடிவந்தன. "இனத் தட்டுகள்" என்று தனிப் பெயர் வைத்து, தனி வரிசையில் விற்றார்கள்.

அதில் ஒரு கம்பெனி வேடிக்கையானது. பாராமவுண்ட். சினிமாக் கம்பெனி அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்த கம்பெனி. நாற்காலியோடு கிராமபோன் பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே என்று தட்டும் போட்டார்கள். மட்டமான தட்டு, இரைச்சல் அதிகம். ஆனால் மா ரெய்னி, கண்பார்வையற்ற லெமன் ஜெஃபர்சன், சார்லி பாட்டன் ஆகியோரின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்த நாற்காலிக்காரர்களால்தான். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடையை மூடினார்கள். மூல அச்சுகள் பழைய உலோகமாகப் போயின. இன்று அந்தப் பாட்டுகள் இருப்பது, யார் வீட்டுப் பரணிலோ கீறல் விழுந்து கிடந்த தட்டுகள் தப்பியதால்.

பெஸ்ஸி ஸ்மித்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1923இல் முதல் தட்டு. அது லட்சக்கணக்கில் விற்றது. ப்ளூஸ் பேரரசி என்று பெயர். ஆனால் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். ராயல்டி கிடையாது. 1937 செப்டம்பரில் கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்று ஒரு பத்திரிகை எழுத, அது உலகமெங்கும் பரவி, எட்வர்ட் ஆல்பி ஒரு நாடகமே எழுதிவிட்டார். உண்மையில் அவரை நேராகக் கறுப்பர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். காயம் அவ்வளவு கடுமை. வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அன்றைய மிசிசிப்பியில் யாருக்கும் தோன்றக்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால், கட்டுக்கதையைவிட இதுதான் பெரிய கொடுமை. பென்சில்வேனியாவில் உள்ள அவர் கல்லறைக்கு 33 ஆண்டுகள் கல் இல்லை. 1970இல் ஜானிஸ் ஜாப்லின் என்ற வெள்ளைக்காரப் பாடகியும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஹுவனிடா கிரீன் என்ற பெண்மணியும் சேர்ந்து பணம் கொடுத்துக் கல் வைத்தார்கள்.

இனி ராபர்ட் ஜான்சன். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஓர் ஓட்டல் அறையில், 1937 ஜூனில் டல்லஸில், ஆக இரண்டே முறை ஒலிப்பதிவுக் கருவி முன் உட்கார்ந்தவர். மொத்தம் 29 பாட்டுகள். அவ்வளவுதான் அவர் சொத்து. நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆத்மாவை விற்றுக் கிடார் கற்றார் என்று ஒரு கதை. இதே கதை அவருக்கு முன்பே டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றியும் உண்டு. உண்மையில் ஐக் சிம்மர்மன் என்ற கிடார்க்காரரிடம் தங்கிப் படித்திருக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் செய்வார்களாம். ஊர் வாய்க்குச் சாதகத்தைவிடப் பிசாசுதான் ருசி.

1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் கறுப்பர் இசை விழா ஒன்றை ஜான் ஹாமண்ட் நடத்தினார். ராபர்ட் ஜான்சனைக் கூப்பிட ஆள் அனுப்பினால், நான்கு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவருடைய தட்டுகளை மேடையில் போட்டுக் கேட்கவைத்தார்கள். அவருக்குப் பதிலாக வந்து பாடியவர் பிக் பில் பிரூன்ஸி.

எப்படி இறந்தார்? யாரோ ஒருவன் மனைவியோடு பழகியதால் விஷம் வைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. 1968இல் கேல் டீன் வார்ட்லோ என்ற ஆராய்ச்சியாளர் அவருடைய இறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தார். வீடு வீடாகப் போய்ப் பழைய தட்டு வாங்கியவர் அவர். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது, "மருத்துவர் இல்லை". அவ்வளவுதான். வயது 26 என்று ஓராண்டு குறைத்து எழுதியிருக்கிறது. கிரீன்வுட் வட்டாரத்தில் இன்று அவருக்கு மூன்று இடங்களில் கல்லறைக் கல் இருக்கிறது. ஓர் ஆளுக்கு மூன்று கல். எத்தனையோ பேருக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சான்றிதழில் வேறொரு கட்டமும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பர்கள் தெற்கை விட்டு ரயிலேறி வடக்கே தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்களோடு ப்ளூசும் போயிற்று. ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் என்பவரை 1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அரசு நூலகத்துக்காகப் பதிவு செய்தார்கள். பிறகு தட்டு தபாலில் வந்தது. தன் குரலைத் தானே கேட்டார். நானும் பாடகன்தான் என்று அன்றுதான் நம்பிக்கை வந்ததாம். 1943இல் சிகாகோ போனார். நகரத்து இரைச்சலில் சாதாரணக் கிடார் கேட்காது என்று மின்சாரக் கிடாருக்கு மாறினார். செஸ் என்ற கம்பெனிக்காக அவர் 1950இல் பாடிய ஒரு பாட்டின் பெயரைத்தான், 1962இல் லண்டனில் சில இளைஞர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ்.

அந்த 1962ஆம் ஆண்டிலேயே இரண்டு ஜெர்மானியர்கள் ப்ளூஸ் கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்து விழா நடத்தத் தொடங்கினார்கள். மெம்ஃபிஸ் ஸ்லிம், வில்லி டிக்சன், ஜான் லீ ஹூக்கர் ஆகியோர் வந்தார்கள். சொந்த ஊரில் பின்வாசல் வழியாகப் போக வேண்டியவர்களைப் பாரிசில் ஒலிம்பியா அரங்கின் மேடையில் நிறுத்திக் கைதட்டினார்கள். மெம்ஃபிஸ் ஸ்லிம் அதே ஆண்டில் பாரிசிலேயே குடியேறிவிட்டார். அங்கேதான் எங்கள் தெரு சொல்தா அவருடைய தட்டை வாங்கியிருக்கிறார். 1986இல் பிரெஞ்சு அரசு அவருக்குக் கலை இலக்கிய விருது வரிசையில் கொமாந்தர் பட்டம் அளித்தது. 1988இல் பாரிசில் இறந்தார். இவரைப் பற்றி ஒரு சிறு தகவல் எனக்குப் பிடிக்கும். இவர் இயற்பெயர் ஜான் லென் சாட்மன். ஆனால் பாட்டுகளுக்கு உரிமை பதியும்போது பீட்டர் சாட்மன் என்று எழுதுவார். பீட்டர் என்பது அப்பாவின் பெயர். அவரும் சாராயக் கொட்டகைகளில் பாடியவர். காகிதத்தில் அப்பாவின் பெயர் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார் மகன்.

அமெரிக்காவில் வெள்ளை இளைஞர்களுக்கும் 1960களில்தான் கண் திறந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில தட்டுகள் பாடிவிட்டு, மறுபடி வயல் வேலைக்குப் போய்விட்டார். ஒரு பாட்டில் தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். அதை வைத்து, பழைய வரைபடத்தில் ஊரைத் தேடிப் பிடித்து, 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் போய்க் கதவைத் தட்டினார். போலீஸ் அதிகாரியோ என்று பயந்தாராம் பெரியவர். அந்தக் கோடையிலேயே நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். மூன்றே ஆண்டுகள். 1966இல் காலமானார். முப்பத்தைந்து ஆண்டுகள் இடையில் என்ன பாடினார், யார் கேட்டார்கள்? மாடுகளும் அக்கம்பக்கத்தாரும்தான்.

பணம் விஷயத்துக்கு வருவோம். எல்விஸ் பிரெஸ்லி 1954இல் முதன்முதலாகத் தட்டில் பாடியது, ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பர் 1946இல் பதிவு செய்த பாட்டு. எல்விஸ் கோடீஸ்வரர் ஆனார். க்ரூடப் கூலி வேலை செய்தே 1974இல் இறந்தார். அவருக்குச் சேர வேண்டிய ராயல்டியில் பெரும்பகுதி அவர் இறந்த பிறகுதான் குடும்பத்துக்கு வந்தது. வில்லி டிக்சன் கெட்டிக்காரர். தன் வரிகளை எடுத்தாண்டதற்காக லெட் செப்பலின் என்ற பிரபல ஆங்கிலக் குழுவின் மீது 1985இல் வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மற்றப் பாடகர்களின் உரிமைகளை மீட்க ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

ராபர்ட் ஜான்சனின் 29 பாட்டுகளும் 1990இல் தொகுப்பாக வெளிவந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றன. 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மூலப் புகைப்படத்தில் வாயில் இருந்த சிகரெட்டைத் தபால்தலையில் எடுத்துவிட்டார்கள். பணம் பெருகியதும், வாரிசு யார் என்ற கேள்வி கோர்ட்டுக்கு வந்தது. கிளாட் ஜான்சன் என்ற சரளைக்கல் லாரி டிரைவர், 1931இல் பிறந்தவர், நான்தான் மகன் என்றார். அப்பா ஒரு முறை பார்க்க வந்தபோது, பிசாசின் பாட்டுப் பாடுகிறவன் என்று தாத்தா பாட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பையன் வீட்டுக்குள், அப்பா முற்றத்தில். தொடக்கூட முடியவில்லை. அவரிடம் இருந்த முக்கியமான ஆவணம் பிறப்புச் சான்றிதழ். தகப்பன் பெயர், ஆர். எல். ஜான்சன். தொழில், கூலி. அந்தக் காலத்தில் இருவரையும் சேர்ந்து பார்த்த ஒரு முதிய பெண்மணியும் சாட்சி சொன்னார். 1998இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. 2000இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. லாரி டிரைவர் லட்சாதிபதி ஆனார். 1931இல் யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய ஒரு வரி, அறுபத்தேழு ஆண்டு கழித்து ஒரு மனிதனுக்குத் தகப்பனைக் கொடுத்தது.

இங்கேதான் என் கதை. நான் எந்த அலுவலகத்தில் இருந்தேன் என்பது வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவு என் மேசைக்கு வந்த காலம் அது. 1980களில் ஒரு நாள் ஒரு பெண் தன் தகப்பனார் இறந்ததைப் பதிய வந்தாள். அவரை எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாவு ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பறை அடிப்பவர். அவர் அடித்தால் தெருமுனையில் நிற்கும் குழந்தைகூடக் காலை ஆட்டும்.

"அப்பா என்ன வேலை பார்த்தாரும்மா?" என்றேன்.

"மேளம் அடிப்பாருங்க ஐயா."

நான் "கூலி" என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். ஏன் அப்படி எழுதினேன்? யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு அப்படித்தான் எழுதி வந்தோம், கை பழகிவிட்டது. பறை அடிப்பது ஒரு தொழில், ஒரு வித்தை என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கறுப்பர்களின் இசையைக் கேட்டு மனம் உருகியவனும் நான்தான்.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது, அவருடைய பேரன் வந்தான். கலைஞர் குடும்பம் என்று காட்டினால் ஏதோ உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் நகல் வேண்டும் என்றான். பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து. கூலி. "பதிவேட்டில் உள்ளதைத்தான் தர முடியும் தம்பி. திருத்த வேண்டுமானால் சாட்சி வேண்டும், மனுப் போட வேண்டும், விசாரணை வரும்" என்று நடைமுறையைச் சொன்னேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. அவன் நகலை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். திரும்ப வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் ராபர்ட் ஜான்சனின் இறப்புச் சான்றிதழின் படத்தைப் பார்த்தேன். தொழில் பழக்கத்தில் கட்டம் கட்டமாகப் படித்தேன். பெயர், இனம், வயது, பிறந்த ஊர், தகப்பன் பெயர். தொழில் என்ற கட்டத்தில் இருந்தது, இசைக் கலைஞர். எத்தனை ஆண்டுகளாக என்ற கட்டத்தில், 10 ஆண்டுகள்.

யோசித்துப் பாருங்கள். 1938. மிசிசிப்பி. கறுப்பருக்கு ஓட்டு இல்லை, வைத்தியர் இல்லை, கல்லறைக்குக் கல் இல்லை. செத்தது யார் என்றுகூட யாரும் கவலைப்படாத இடம். அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்பியவர் சொன்னதைக் கேட்டு உள்ளபடி எழுதியிருக்கிறார். சமத்துவம் என்ற சொல்லை மனப்பாடம் செய்து வளர்ந்த நான், சுதந்திர நாட்டில், எழுதவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் இல்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பார்வையற்ற வில்லி ஜான்சன் என்று டெக்சாஸ் தெருமுனைகளில் பக்திப் பாட்டுப் பாடியவர். 1927இல் அவர் பதிந்த ஒரு பாட்டில் சொற்களே கிடையாது. முனகலும் கிடாரும் மட்டும். 1945இல் வீடு தீப்பிடித்தது. போக்கிடம் இல்லாமல் அந்த எரிந்த வீட்டிலேயே நனைந்த படுக்கையில் கிடந்து, காய்ச்சல் கண்டு இறந்தார். சான்றிதழில் மலேரியாக் காய்ச்சல் என்று இருக்கிறது. அவரைப் புதைத்த இடம் சரியாகத் தெரியாது. 1977இல் விண்ணுக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களில் மனித குலத்தின் இசை என்று ஒரு தங்கமுலாம் தட்டு வைத்தார்களே, அதில் பாக், பீத்தோவன், நம் கேசர்பாய் கேர்கர் ஆகியோரோடு அந்த முனகலும் இருக்கிறது. இப்போது சூரிய மண்டலத்தின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

விருப்பம் இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் கைப்பேசியில் தேடித் தரச் சொல்லி மூன்று பேரைக் கேளுங்கள். மெம்ஃபிஸ் ஸ்லிம், மிசிசிப்பி ஜான் ஹர்ட், பார்வையற்ற வில்லி ஜான்சன். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் சான்றிதழ்களை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். தச்சர், கொல்லர், தையல்காரர், மருத்துவச்சி, மேளக்காரர் என்று அவர்கள் செய்த வேலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இனிமேல் எழுதுகிற நேரம் வந்தால், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். என்னைப் போல் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் பெரியவரின் பெயரை இங்கே எழுத அவர் குடும்பத்தின் அனுமதி என்னிடம் இல்லை. தொழிலை மட்டுமாவது எழுதிவிடுகிறேன். இசைக் கலைஞர். ஏறத்தாழ 50 ஆண்டுகள்.